ஆளை மாற்றிப் போடுகிற மேனேஜர்

"…அதுக்கில்லீங்க டிரைவர், வண்டியில இருந்து இலையை எறக்கிப் போட்டதும் உங்க வேலை முடிஞ்சுபோச்சுன்னு யாருங்க சொன்னது? மேல போய் ஒரு வாரம் நின்னு பாருங்க. அப்பறம் சொல்லுங்க, முடிஞ்சுதா இல்லீங்களான்னு."

இப்படிப் பேசிக்கொண்டேதான் எங்கள் மேனேஜர் என் கையிலிருந்து லாரிச் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எப்போது கொடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்போது நான் குன்னூர் பக்கத்து வளைவுகளில் இலை லாரி ஓட்டத் தொடங்கிப் பதினோரு வருடம். மூடுபனிக்குள் எதிரே நிற்பது பஸ்ஸா காட்டெருமையா என்று நிழலைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனை இலை வாடப்போடும் மாடிக்கு ஏற்றிவிட்டார்.

எங்களுடையது சொந்தத் தோட்டம் இல்லாத டீ ஃபேக்டரி. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களிடம் பச்சை இலையை வாங்கி, வாட்டி, அரைத்து, காயவைத்து, சலித்து, தூளாக மூட்டை கட்டி அனுப்புவோம். அறுபது பேர் வேலை பார்த்தோம், ஆளுக்கொரு மூலை. மாடியில் இருப்பவருக்குக் கீழே அடுப்பு எரிவது தெரியும். யார் எரிக்கிறார் என்று தெரியாது. அது ஒரு குறை என்றுகூட எங்களுக்குத் தோன்றியதில்லை.

இந்த மேனேஜர் வந்த இரண்டாம் மாதம் கேட் பக்கம் ஒரு கரும்பலகை முளைத்தது. திங்கட்கிழமை காலையில் அதில் இரண்டு பெயர் இருக்கும், நடுவில் இரண்டு பக்கமும் முனையுள்ள ஓர் அம்புக்குறி. அந்த வாரம் அவர் வேலை இவருக்கு, இவர் வேலை அவருக்கு. சம்பளம் அதே சம்பளம்தான். திங்கட்கிழமை வந்தால் பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி பலகை முன்னால் கூட்டம் நிற்கும். பெயர் இல்லாதவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு உள்ளே போவார்கள். ஒரே மாதத்தில் அவருக்குச் 'சீட்டுக்கட்டு' என்று பெயர் வைத்துவிட்டோம். அவருக்கும் அது தெரியும். ஒருநாள் அவரே, "இந்த வாரம் யாரைங்க குலுக்கலாம்?" என்று என்னிடம் கேட்டார்.

மாடியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீளநீளமான தொட்டிகளில் கம்பி வலை மேல் இலையைப் பரப்பி, அடியிலிருந்து காற்றாடி விடுவார்கள். முதல் நாளே என் லாரியில் வந்த சாக்குகள் மேலே வந்தன. மாற்று டிரைவர் ஓட்டினாலும் சாக்கை அடுக்கியது என் கிளீனர்தான். ஒரு சாக்கைப் பிரித்துக் கையை விட்டேன். உள்ளே காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. நடுவில் இருந்த இலையெல்லாம் சிவந்து போயிருந்தது. பக்கத்துத் தொட்டியில் இருந்த மணி, சிவந்ததைப் பொறுக்கித் தள்ளியபடியே யாரையோ வாய்க்குள் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்த யாரோ நான்தான். இரண்டு டிரிப் அடிக்க வேண்டியதை ஒரே டிரிப்பாக முடிக்க, நானும் கிளீனரும் சாக்கு மேல் ஏறி மிதித்து மிதித்து அடைப்போம். அப்புறம் அது மேலேயே உட்கார்ந்து டீ குடிப்போம். அதை ஒரு சாமர்த்தியம் என்று வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

மூன்று நாள் நானும் அவரோடு சிவந்த இலையைப் பொறுக்கினேன். நான்காம் நாள் மனசு கேட்காமல், "மணி, மிதிச்சு அடைக்கறது நாந்தான்" என்றேன்.

"தெரியுமுண்ணா. பதினோரு வருசமாத் தெரியும்."

"அப்பறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீங்க மேல வந்ததே இல்லீங்களேண்ணா. கீழ வந்து சண்டை போட எனக்கு நேரமில்லை. பொறுக்கவே நேரம் சரியாப் போச்சு."

சனிக்கிழமை மேனேஜர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். "என்னங்க டிரைவர், முடிஞ்சுதுங்களா?" என்றார். "இல்லீங்க" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. வேறு ஆளாக இருந்தால் ஒரு மணி நேரம் புத்தி சொல்லியிருப்பார்கள். இவர் எதுவும் சொல்லாமல் போனதில்தான் எனக்கு எரிச்சலே வந்தது. திட்டியிருந்தாலாவது பதிலுக்கு நான் எதையாவது சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து இரண்டு டிரிப்தான் அடிக்கிறேன். கிளீனர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்கு அடுத்த வாரம் பலகை கிளீனருக்கு மாற்றாக மணியை என் லாரியில் ஏற்றிவிட்டது. வண்டி ஓட்ட அல்ல, இலை ஏற்றிவர. சனிக்கிழமைக்குள் எல்லா வளைவிலும் ஒரு தடவையாவது வாந்தி எடுத்துவிட்டார். ஆனால் இலை வாங்கும் கொட்டகையில், பறித்த இலையை வெயிலில் வைத்துவிட்டு லாரிக்காகக் காத்திருந்தவர்களைப் பார்த்து, அவர்களுடைய படுக பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். அதற்கடுத்த வாரம் போனால் எல்லா மூட்டையும் கொட்டகைக்குள் நிழலில் இருந்தது. அந்த வெயில் பதினோரு வருடமாக என் கண் முன்னால்தான் அடித்துக்கொண்டிருந்தது.

எல்லா மாற்றமும் இப்படி நல்லபடியாக முடியவில்லை. அடுப்புக்கு விறகு போடும் மாதப்பனை ஆபீசில் உட்காரவைத்தார். குன்னூரிலிருந்து தேயிலை ஏலக்காரர் போன் செய்தால், அடுப்பு இரைச்சலில் பேசிப் பழகிய மாதப்பன், "யாரூ?" என்று கத்தியதில் அவர் பயந்து வைத்துவிட்டார். ஆபீஸ் கணக்குப்பிள்ளை அடுப்படியில் நின்று புருவத்தைக் கருக்கிக்கொண்டார். ஆனால் அதுவரை ஈர விறகை இறக்கிவிட்டுப் போன லாரிக்காரனுக்குக் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டவர், அதற்கப்புறம் ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறந்தார். புகையில் அழுதவருக்குத்தானே தெரியும்.

வகுப்பு என்றால் மேனேஜருக்கு ஆகாது. ஒருமுறை முதலாளி ஏற்பாடு செய்து, கோயமுத்தூரிலிருந்து ஒருவர் வந்து கேன்டீனில் திரை கட்டி, தூளைக் காயவைக்கும் டிரையரைப் பற்றிப் படம் போட்டுக் காட்டினார். மேனேஜர் முதல் வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தூங்கினார். முடிந்ததும் எழுந்து கைகொடுத்து, "ரொம்ப நல்லா இருந்துதுங்க. உங்க டிரையர்ல புகையே வரலீங்க" என்றார். வந்தவர் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு போனார்.

இந்த வியாதி ஃபேக்டரியோடு நிற்கவில்லை. யாராவது ஏதாவது வேலை செய்தால் அவரால் பார்த்துக்கொண்டு சும்மா போகமுடியாது. என் மகள் கல்யாணத்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு குடும்பத்தோடு வந்தார். தாலி கட்டும்போது ஆளைக் காணோம். தேடினால், சமையல்காரரிடம் கரண்டியை வாங்கிக்கொண்டு சாம்பார் அண்டா பக்கத்தில் நிற்கிறார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஊட்டுலயும் இப்படித்தானுங்க. ஒரு வாரம் நான் சமைக்கறேன், நீ போய் ரேஷன் கடையில நில்லுன்னாரு. மூணாம் நாளே கையெடுத்துக் கும்பிட்டு அடுப்படிய விட்டுத் தொரத்திட்டேன். ரேஷன் கடைக்கு மட்டும் இப்பவும் நாந்தான் போறேன்."

சரோஜா என்று ஒருவர் கேன்டீனில் டீ போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு மேல், தடிமனான கண்ணாடி. அவர் அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அதனால் நாங்கள் இலை என்பதை அவர் கொழுந்து என்பார், மேனேஜரை ஐயா என்பார். அவரையும் பலகை விடவில்லை. டிரையருக்கு அனுப்பியது.

இரண்டாம் நாள் ஒரு ஈடு தூள் கருகியது. ஃபேக்டரி முழுக்க அடிப்பிடித்த வாசனை. முதலாளி ஜீப்பை நிறுத்தும் முன்பே மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார். "யார் நின்னது?"

சரோஜா முந்தானையைக் கசக்கியபடி நின்றிருந்தார். மேனேஜர் அவருக்கு முன்னால் ஒரு அடி நகர்ந்து, "நானுங்க" என்றார்.

முதலாளி நல்ல மனுஷர், ஆனால் ஏமாளி இல்லை. இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மேனேஜர் திரும்பி, "என்னங்க, எப்பக் கருகுச்சு? வாசனை எப்ப மாறுச்சு? அதச் சொல்லுங்க மொதல்ல" என்று சரோஜாவைக் கேட்டார். சரோஜா அழுதுகொண்டே நிமிடக் கணக்காகச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே தலையாட்டினார். அதற்கப்புறம் சரோஜா கேன்டீனுக்குத் திரும்பவில்லை. டிரையர், சல்லடை என்று ஆறே மாதத்தில் கை தேர்ந்துவிட்டார். கேன்டீன் டீதான் கெட்டுப்போனது.

இங்கேதான் மேனேஜருக்குச் சிக்கல் தொடங்கியது. எங்களுக்குக் கீழே, அடுத்த வளைவில் பெரிய ஃபேக்டரி ஒன்று உண்டு. எங்களிடம் நாலு வேலை தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று காதில் விழுந்தால் போதும், கூடுதல் சம்பளம் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒரே வருடத்தில் நாலு பேர் போனார்கள். நாலாவது ஆள் சரோஜா. சொல்லிக்கொள்ள வந்தார். மேனேஜர் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அங்க என்னங்க மெஷின் வெச்சிருக்காங்க?"

அன்று முதலாளி ஆபீஸ் கதவைச் சாத்தவில்லை. நான் வெளியே சாவிக்காக நின்றிருந்தேன்.

"நாம என்ன காலேஜா நடத்தறோம்? நீங்க பழக்கிப் பழக்கிக் கீழ் வளைவுக்காரனுக்கு அனுப்பிட்டு இருக்கீங்க."

"போனது நாலு பேருங்க. இருக்கறது அம்பத்தாறு பேருங்க. நீங்க நாலையே எண்ணறீங்க."

"இன்னும் ஒரு ஆள் போகட்டும், அவங்க பின்னாடியே நீங்களும் கிளம்பிக்குங்க. தமாசுக்குச் சொல்லலை."

தமாஷ் இல்லை என்பது எங்களுக்கும் தெரிந்தது. மேனேஜருக்கு ஐம்பத்து நாலு வயது. குடியிருந்தது ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். பையன் இன்ஜினியரிங் கடைசி வருடம். அந்த வயதில் புதிதாக எந்த ஃபேக்டரி கூப்பிடும்? அடுத்த திங்கட்கிழமை பலகை வெறுமையாக இருந்தது. சந்தோஷப்பட வேண்டியவர்கள் நாங்கள். ஆனால் ஆளாளுக்கு அதன் முன்னால் சற்று நின்றுவிட்டுத்தான் உள்ளே போனோம். மாதப்பன்கூட, "என்னடா இது, கைகால் விளங்காத மாதிரி இருக்குது" என்றார்.

இந்த நேரம் பார்த்துத்தான் முதலாளி கலர் சார்ட்டர் வாங்கினார். தூளையும் அதில் கலந்திருக்கும் காம்பு நாரையும் கேமரா வைத்துப் பார்த்துப் பிரிக்கிற மெஷின். உள்ளே தூள் விழும்போது, நார் என்று தெரிந்தால் காற்றை ஊதி ஒரு பக்கம் தள்ளிவிடும். கம்பெனி ஆள் ஒருநாள் வந்து, ஓட்டிக் காட்டி, புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் இருந்தவரை மெஷின் கச்சிதமாக ஓடியது. மறுநாள் காலையிலிருந்து நல்ல தூளையும் நார்ப் பக்கமே துப்ப ஆரம்பித்தது. போன் செய்தால், வேறு ஊர்களில் வேலை இருக்கிறது, வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். மூட்டைகள் குவிந்தன. முதலாளி மேனேஜரைக் கூப்பிட்டு, "இந்த வாரக் கடைசிக்குள்ள ஓடலைன்னா பேச வேண்டியதைப் பேசிடுவோம்" என்றார்.

மேனேஜர் நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்தார். மனுஷர் வேறு வேலை தேடிக் கிளம்பிவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தோம். மறுநாள் காலை என் லாரியில் ஏறி உட்கார்ந்து, "கீழ் வளைவுல எறக்கிவிடுங்க" என்றார்.

"அங்கயா வேலை கேக்கப் போறீங்க?" என்றேன்.

"வேலை கத்துக்கப் போறனுங்க."

அந்த ஃபேக்டரி மேனேஜர் இவரைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "வாங்க சார். உங்க தயவுல நாங்க யாருக்கும் எதுவும் சொல்லித் தர வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. தாராளமா நில்லுங்க. ஒண்ணே ஒண்ணு, ஒருநாள் எங்க மாடிக்கு வந்து இலை ஏன் சரியா வாட மாட்டேங்குதுன்னு பார்த்துச் சொல்லணும்." இவர் சட்டையை மடித்துக்கொண்டு அன்றே மாடி ஏறினார். மிச்சம் மூன்று நாள், தூசிக்குத் தலையில் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு கலர் சார்ட்டர் பக்கத்தில் நின்றார். அதை ஓட்டியது சரோஜா.

கடைசி நாள் நான் கூட்டிவரப் போனபோது, சரோஜா அவரை அதட்டிக்கொண்டிருந்தார். "ஐயா, கையை எடுங்க. தூள் இன்னும் சுடுது பாருங்க. இத இப்பவே உள்ள விட்டா அவ்வளவுதான்."

"ஏனுங்க?"

"எங்கண்ணாடியப் பாருங்க." சூடான தூள் மூட்டைக்கு மேல் சரோஜா குனிந்தார். மூக்குக் கண்ணாடி இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பூத்தது. "உள்ள இருக்கறதும் கண்ணாடிதானே? இந்தக் குளிர்ல, காலையில சுடச்சுட விட்டா அதுக்கும் ஆவி படியுது, அதுல தூசியும் ஒட்டிக்குது. ஆவி படிஞ்சா அதுக்கு எல்லாமே நாராத்தான் தெரியும். கம்பெனிக்காரரு நடு மத்தியானம் வெயில்ல வந்து ஓட்டிக் காட்டுறாரு, அவருக்கு எங்க தெரியும்? நானே மூணு வாரம் ஏச்சு வாங்கினேன். ஒருநாள் எங்கண்ணாடியத் தொடைக்கையிலதான் புத்தியில பட்டுச்சு. தூளை ஆறவிட்டு விடணும். பொழுது விடியறப்பவே மெஷின்கிட்ட குண்டு பல்பு ஒண்ணு எரியவிட்டுடணும், கண்ணாடி குளிராம இருக்க."

மேனேஜர் தன் நோட்டைத் திறந்து எழுதினார். எழுதிவிட்டு, "இது அந்தப் புத்தகத்துல எந்தப் பக்கத்துலயும் இல்லீங்க" என்றார்.

"புத்தகம் எழுதினவரு குன்னூருக்கு வந்திருக்க மாட்டாருங்கய்யா."

திரும்பி வரும்போது லாரியில் அவர் நோட்டை மறுபடி திறந்து எழுதியதைப் படித்தார். பிறகு, "நாம அனுப்பலீன்னா அவங்க அங்க போயிருக்க மாட்டாங்க. அங்க போகலீன்னா இதை யாருங்க கண்டுபிடிச்சிருப்பாங்க?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, வேலையை நினைத்துத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை. நான் கியரை மாற்றினேன்.

மறுநாள் விடியும்போதே பல்பு எரிந்தது. தூள் ஆறியது. எட்டரை மணிக்கு மெஷின் ஓடியபோது, ஒரு பக்கம் கறுப்பாகத் தூளும் மறுபக்கம் செம்பட்டையாக நாரும் பிரிந்து விழுந்தன. முதலாளி வந்தார். நான் மூட்டை இறக்கிவிட்டுக் கதவோரம் நின்றேன். மணியும் எட்டிப் பார்த்தார். முதலாளி தூளை ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார், ஊதிப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"நல்லாத்தான் வருது. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. இந்த மெஷினை நீங்களே வெச்சுக்குங்க. வேற ஒருத்தருக்கும் சொல்லித்தர வேண்டாம். தெரிஞ்சவங்கதானே போறாங்க, உங்களை எவனும் கூட்டிட்டுப் போகமாட்டான். அந்தக் கரும்பலகையையும் கழட்டி வெச்சுருங்க. அன்னைக்கு நான் சொன்னதை மறந்துடறேன். வீடு, வேலை எல்லாம் இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

மணி என் கையைப் பிடித்தார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. மேனேஜர் விழுகிற தூளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க," என்றார், "எனக்கு ஒருநாள் காய்ச்சல் வந்து படுத்துட்டா?"

"அதுக்கென்ன? அன்னைக்கு நான் பார்த்துக்கறேன்" என்றார் முதலாளி, கடிகாரத்தைப் பார்த்தபடி.

மேனேஜர் தன் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றினார். தூசி போக இரண்டு தட்டுத் தட்டி, முதலாளியின் தலையில் மாட்டி, காதை உள்ளே தள்ளிச் சரிசெய்தார். அவர் கையைப் பிடித்து, தூள் விழும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகில் வைத்தார். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, பார்க்க ஆரம்பித்தார்.